பிங்கோ மண்டபத்தில் பரிமளம் அக்கா

நோர்வேயில் கசினோ இல்லை. சட்டம் விடாது. ஆனாலும் எங்கள் ஆட்கள் மத்தியில் நான் வேலை செய்த இடத்துக்குக் "கசினோ" என்பதே பெயர். கோயிலில் புதியவர் யாருக்காவது என்னை அறிமுகம் செய்யும்போது, "இவருக்குக் கசினோவிலை வேலை" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். புதியவர் என் விரல்களில் மோதிரம் ஏதும் மின்னுகிறதா என்று பார்ப்பார். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அது ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில், ஹவுகெட்டோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் உள்ள சிறிய ஹோட்டல். மேலே மூன்று மாடிகளில் அறைகள். கீழே சாப்பாட்டுக்கூடம், அதற்குப் பக்கத்தில் பிங்கோ மண்டபம். மண்டபத்தின் பின்சுவரோரம் அரசு அனுமதித்த விளையாட்டு மெசின்கள் வரிசையாக நின்றன. உல்லாசப் பயணிகள் அங்கே வருவது அபூர்வம். வந்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து மனிதர்கள். குளியலறையை உடைத்துத் திருத்தும் நாட்களில் அறை எடுத்துத் தங்குவார்கள். செத்தவீடு முடிந்து உறவினர்களுக்குக் கோப்பியும் கேக்கும் கொடுப்பதற்குச் சாப்பாட்டுக்கூடத்தை எடுப்பார்கள். வியாழக்கிழமைகளில் ஓய்வூதியக்காரருக்கு மீன் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தவர்களில் பாதிப்பேர் அப்படியே எழுந்து பக்கத்துக் கதவால் பிங்கோவுக்குப் போவார்கள்.

சென்ற வசந்தகாலத்தில் நான் ஓய்வு பெற்றேன். அதே காலத்தில் மண்டபத்தில் எண் வாசிக்கும் வேலையைப் பதிவுசெய்த ஒரு குரல் எடுத்துக்கொண்டது. நல்ல குரல். அதற்குத் தடிமனும் சளியும் பிடிக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஏனென்றால் எண் வாசிப்பது என் வேலையின் சிறிய பகுதிதான். பெரிய பகுதி எதுவென்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிவேதாவுக்கு உடனேயே விளங்கிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. என் கடைசி வாரத்தில் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் வைத்து என்னிடம் கேட்டாள்.

"அங்கிள், அளவுக்கு மிஞ்சி விளையாடுற ஒராளோடை எப்பிடிக் கதையைத் தொடங்கிறது? பயிற்சிக் கூர்ஸிலை எல்லாம் ஸ்கிறீனிலை காட்டினவை. ஆள் பக்கத்திலை வந்து இருக்கேக்கை எனக்கு வாய் வருதில்லை."

அன்றைக்கு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவைத்தேன். பஸ்ஸில் வரும்போது அது போதாது என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் பரிமளம் அக்காவின் உண்மைப் பெயர் வேறு. எழுதியதை முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். "சரி, போடுங்கோ" என்றார்.

என் ஆரம்பக் கதை எங்கள் எல்லோருடைய கதையும்தான். இளைஞனாக அகதியாக வந்தேன். வடக்கில் மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு இறங்கினேன். இந்த ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவினேன். பிறகு சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு ஏந்தினேன். ஒருநாள் மண்டபத்தில் எண் வாசிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மண்டபத்துக்குப் பொறுப்பான பெரித் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து, நான் ஒரு மேசையில் சூப்பின் பெயரைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "உங்கள் குரல் பின்மேசை வரைக்கும் கேட்கிறது" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

பெரித்தைப் பற்றிச் சொல்லாமல் அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. உயரமானவர், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருப்பார். ஒருவரோடு பேசும்போது முன்னால் நிற்கமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, அந்த ஆள் எதைப் பார்க்கிறாரோ அதையே தானும் பார்த்துக்கொண்டு பேசுவார். அவர் கட்டளையிட்டு நான் கேட்டதில்லை. "அந்த மூலையில் வெளிச்சம் போதுமா?" என்று கேட்டால் பல்பை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். கேள்விக்குப் பதில் சொல்ல முன்னர் மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போடுவார். நோர்வேக்காரர் ஓம் என்று சொல்லும் சத்தம் அது. ஆனால் பெரித் இழுத்தால் அது ஓமா இல்லையா என்பது கடைசி வரைக்கும் தெரியாது.

அவரிடம் சில ஒழுங்குகள் இருந்தன. வென்றவரைச் சத்தமாகப் பாராட்டக்கூடாது. தோற்றவருக்கு ஆறுதல் சொல்லக்கூடாது. இருவருக்கும் ஒரே மாதிரிக் கோப்பி ஊற்ற வேண்டும். ஒரு விருந்தினரைப் பற்றி அந்த விருந்தினரோடு மட்டுமே பேசலாம், புருசனோடும் இல்லை, பிள்ளையோடும் இல்லை. அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்று எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது: எவ்வளவு விளையாடுகிறார்கள் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும், யார் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் பாருங்கள்.

எண் வாசிக்கத் தொடங்கிய முதல் கிழமையே ஒரு சிக்கல் வந்தது. வகுப்பில் எனக்குப் படிப்பித்த நோர்ஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், ஏழு என்றால் "ஷூ", இருபது என்றால் "ஷூஎ". நோர்வேக்காரரின் காதில் இரண்டுக்கும் தொடக்கத்து ஒலியே வேறு. என் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். நான் ஏழு என்றேன், ஒரு கிழவர் இருபதைத் தட்டிவிட்டுப் "பிங்கோ" என்று கையைத் தூக்கிவிட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பெரித் சிரிக்கவில்லை. அன்று மாலை என்னை வெறும் மண்டபத்தில் நிற்கவைத்து, தான் பின்மேசையில் போய் இருந்துகொண்டு எண்களை வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டார். "பழைய ஆட்கள் சொல்லும்படி சொல்லிப் பாருங்கள். ஏழுக்குச் சீவ். இருபதுக்குத் தீவெ" என்றார். பள்ளிக்கூடங்களில் எப்போதோ மாற்றிய பழைய எண்கள் அவை. ஆனால் மண்டபத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த எண்களில் எண்ணி வளர்ந்தவர்கள். அடுத்தநாள் நான் பழைய முறையில் வாசித்தபோது மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. ஒரு அம்மா தன் அப்பா எண்ணுவதுபோல் இருக்கிறது என்றார். அதன் பிறகு என் உச்சரிப்பைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஹோட்டலுக்கு வெளியே, வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ நான் அப்படி எண்ணினால், இந்த மனிதன் எந்தக் காலத்தில் இருந்து வந்தான் என்பதுபோல் பார்ப்பார்கள்.

இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. ஒரு கடும் குளிர்காலத்தில், எதிரே இருந்த மாடிக்கட்டடத்தின் பிரதான தண்ணீர்க்குழாய் வெடித்து, அங்கே குடியிருந்தவர்களில் பலரை எங்கள் அறைகளில் தங்கவைத்தார்கள். வழக்கமாகப் பின்னேரம் தலைவாரிப் பவுடர் பூசி வருகிற எங்கள் பிங்கோக்காரர்கள் காலையில் இரவுடுப்போடு சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்துப் போனார்கள். எத்தனையோ வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் வணக்கம் சொல்லாத இரண்டு குடும்பங்கள், அவித்த முட்டைக்கு வரிசையில் நின்றபோது சிநேகமானார்கள். குழாயைத் திருத்தி முடித்ததும், இன்னும் ஒருநாள் இருக்க முடியாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் பரிமளம் அக்காவுடையது. மகன் கஜன், மருமகள், பேரப்பிள்ளைகள். கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அந்த நாட்களில் அக்காவுக்கு அடுத்த அறையில் இருந்தவர் இங்கர். தனியாக வாழ்ந்த, தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெண். எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் குறொன்லாண்டிலிருந்து மரக்கறி வாங்கிக்கொண்டு வந்த அக்காவின் பையில் இருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, அது என்ன என்று கேட்டாராம். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடித்து உறிஞ்சிச் சக்கையைத் துப்புவதுபோல் நடித்துக் காட்டினாராம். இங்கர் சிரித்த சிரிப்பில் அறை அறையாகக் கதவு திறந்ததாம். அப்படித் தொடங்கிய சிநேகிதம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு வியாழக்கிழமை, மீன் சாப்பாட்டுக்கு இங்கர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாப்பிட்டு முடிந்ததும் பிங்கோவுக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். கதவில் என்னைக் கண்டதும் அக்காவின் கால் நின்றுவிட்டது. என் மனைவி வசந்தியும் அவரும் கோயிலில் ஒன்றாகப் பூத்தொடுப்பவர்கள். முகம் வெளிறிப்போனது எனக்குத் தெரிந்தது. நான் மற்ற விருந்தினருக்குச் சொல்வதுபோலவே நோர்ஸ்க்கில் "வணக்கம், வாருங்கள், ஜன்னலோரம் இடம் இருக்கிறது" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நோர்ஸ்க்கில் "நன்றி" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் யாரும் பேசித் தீர்மானிக்காத ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. மண்டபத்தில் நாங்கள் நோர்ஸ்க்கில் மட்டும் பேசுவோம். கோயிலில் தமிழில், மண்டபம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாததுபோல. வீட்டில் அவர் நோர்ஸ்க் வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தார் என்பது வசந்தி மூலம் தெரியவந்தது. "இந்த வயசிலை பரிமளம் அக்கா படிக்கிறா பாருங்கோ, நீங்கள் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகமாட்டன் எண்டுறீங்கள்" என்று எனக்குப் பேச்சு விழுந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொல்லப்போனால் அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். பிங்கோ மேசையில் ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவேளை உண்டு. அந்த இடைவேளைகளில் இங்கர் மூட்டுவலியிலிருந்து நகரசபைத் தேர்தல் வரை எல்லாவற்றையும் பேசுவார். முதல் வருடம் அக்கா தலையாட்டினார். பிறகு இடையிடையே ஒரு சொல் சொன்னார். பிறகு இங்கரை மறித்துப் பேசத் தொடங்கினார்.

சில வருடங்கள் இப்படிச் சந்தோசமாகப் போயின. பிறகு இங்கர், வடக்கே மகள் இருக்கும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தனியே இருக்க முடியவில்லை. அடுத்த வியாழன் அக்கா தனியே வந்தார். ஜன்னலோர மேசையில் இருந்தார். எதிர் நாற்காலியில் தன் கோட்டைப் போட்டுவைத்தார். அதற்கடுத்த வாரம் கொஞ்சநேரம் மட்டும் இருந்தார். பிறகொருநாள் எண் வாசித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் மேசை வெறுமையாக இருந்தது. பின்சுவர் மெசின்களில் கடைசி மெசினுக்கு முன்னால், மண்டபத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு அக்கா இருந்தார்.

பெரித் சொன்ன நாற்காலி விசயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிங்கோவில் எண் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்க வேண்டும். மெசினில் காத்திருப்பு இல்லை. வியாழன் மட்டும் வந்தவர் செவ்வாயும் வரத் தொடங்கினார், பிறகு வேறு நாட்களும். கோப்பிக்கு எழும்புவதில்லை. நான் கொண்டுபோய் வைத்தால் அது ஆறிப்போய் அப்படியே இருக்கும். நான் பெரித்திடம் சொன்னேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். தானும் கவனித்ததாகச் சொன்னார்.

அந்தக் கிழமைதான் கஜன் வந்தான். சின்னப் பிள்ளையாகத் தமிழ்ப் பள்ளியில் ஓடித்திரிந்ததிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். இப்போது போக்குவரத்துத் திட்டமிடும் வேலையில் இருக்கிறான். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஜக்கெட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரவேற்பு மேசைக்கு வந்து, பொறுப்பானவரைப் பார்க்க வேண்டும் என்றான். அவனுடைய நண்பன் ஒருவன் ஏதோ விருந்துக்கு எங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்தபோது, திறந்திருந்த கதவினூடாக அக்கா மெசின் முன்னால் இருப்பதைக் கண்டிருக்கிறான். அன்று அக்கா மண்டபத்தில் இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

பெரித் முதலில் அவனுடைய ஜக்கெட்டை வாங்கி ஹீற்றருக்கு மேல் விரித்துப் போட்டார். கோப்பி கொடுத்தார். பக்கத்தில் இருந்துகொண்டு அவன் சொல்வதைக் கேட்டார். என் அம்மாவை இங்கே உள்ளே விடக்கூடாது, எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன் என்றான் அவன். யார் இங்கே வருகிறார்கள், யார் வருவதில்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் பெரித். வயது வந்த ஒருவரை அவருடைய பிள்ளை கேட்டு நிறுத்தவும் முடியாது. ஆனால் நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று சொல்ல முடியும் என்றார். பிறகு எதையும் விடாமல் விளக்கினார். யாரை எப்படிக் கவனிக்கிறோம், எப்போது போய்ப் பேசுகிறோம், ஒருவர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள விரும்பினால் என்ன வழி என்பதையெல்லாம் ஒரு புதிய ஊழியருக்குச் சொல்வதைப்போலச் சொன்னார். "உங்கள் அம்மா எங்காவது ஒரு மண்டபத்துக்குப் போகிறார் என்றால், அங்கே அவருடைய முகத்தைப் பார்க்கிற ஒருவர் இருக்க வேண்டும் என்றுதானே விரும்புவீர்கள்?" என்று கேட்டார்.

கஜன் கோப்பையை மேசையில் வைத்தான். என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினான்.

"மாமா, அப்பாவை ஸ்டேசனிலை போய்க் கூட்டிக்கொண்டு வாறது நான்தான். எனக்கு அப்ப எட்டோ ஒன்பதோ வயசு. கூப்பிட்டாத் திரும்பமாட்டார். சேட்டைப் பிடிச்சு இழுக்கவேணும். இனி என்னாலை ஏலாது."

ஒரு காலத்தில் இங்கே கடை வாசல்களிலும் ஸ்டேசன்களிலும் காசு போட்டு விளையாடும் மெசின்கள் நின்றன. பிறகு அரசு அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, அட்டையால் மட்டும் விளையாடக்கூடிய மெசின்களை எங்களுடையதுபோன்ற மண்டபங்களில் வைத்தது. எடுப்பதற்கு முன்னர் எங்கள் ஆட்களிலும் சிலர் அதற்கு முன்னால் வருடக்கணக்காக நின்றார்கள். கஜனின் அப்பா அவர்களில் ஒருவர். எனக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைதான் போய்க் கூட்டிவந்தான் என்பது தெரியாது. "தம்பி, கோப்பி ஆறுது, குடியும்" என்றேன். குடித்தான். ஜக்கெட் முழுதாகக் காய்வதற்கு முன்பே எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனபின் நான் பெரித்திடம், நான் அக்காவோடு பேசுகிறேன் என்றேன். பெரித் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "மகன் வந்திருக்காவிட்டாலும் இந்தக் கிழமை பேசியிருப்பீர்களா?" நான் யோசித்துப் பார்த்தேன். பேசியிருப்பேன் என்றேன். "அப்படியென்றால் பேசுங்கள். மகன் வந்ததைச் சொல்ல வேண்டாம். அது அவருடைய விசயம், எங்களுடையது அல்ல. உங்களோடு பேச விருப்பமில்லை என்று அவர் சொன்னால் நான் பேசுகிறேன். அதையும் அவரிடமே கேளுங்கள்."

நிவேதா, நீ கேட்டது இந்த இடத்தைத்தான். அதனால் அவசரப்படாமல், ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஆள் விளையாடிக்கொண்டிருக்கும்போது போகக்கூடாது. மெசின் ஓடும்போது காது கேட்காது. அவர் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும். அக்கா கோப்பிக்கு எழும்புவதில்லை என்றபடியால், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கையைத் திரையிலிருந்து எடுத்த நேரத்தில் போனேன். எதிரே போய் நிற்காமல் பக்கத்து நாற்காலியில், கொஞ்சம் பின்தள்ளி இருந்தேன். நினைப்பதைச் சொல்லக்கூடாது, கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். நான் நோர்ஸ்க்கில் சொன்னேன்: "நீங்கள் முன்பு ஜன்னலோரம் இருப்பீர்கள். இப்போது இங்கே இருக்கிறீர்கள். வருகிற நாட்களும் கூடியிருக்கின்றன. உங்களைப் பற்றி யோசித்தேன். இதைப் பற்றி என்னோடு பேச விருப்பமா, அல்லது பெரித்தோடு பேச விரும்புகிறீர்களா?" எவ்வளவு காசு என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் கதை அதைப் பற்றியதாகிவிடும். கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டமான பகுதி. வாய் ஏதாவது சொல்லித் தொலைக்கத் துடிக்கும். விடக்கூடாது.

அக்கா கண்ணாடியைத் துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டார். அந்த மண்டபத்தில் முதல்தடவையாகத் தமிழில் பேசினார். என்னைப் பார்க்கவில்லை, மெசினைப் பார்த்தபடி பேசினார்.

"இதுக்கு முன்னாலை இருந்தா ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை."

நான் ஓம் என்றேன்.

"இங்கர் போனாப்பிறகு அந்த மேசையிலை இருக்க ஏலாமல் போச்சு. முதல் அதுக்குத்தான் வந்து இருந்தனான். பிறகு வேறையொண்டு. அவர் இப்பிடித்தான் நிண்டவர். நான் பின்னாலை நிண்டு கூப்பிடுவன். பிறகு நான் போறதை விட்டிட்டுப் பெடியனை அனுப்பினனான். அவர் செத்தும் எனக்கு ஆத்திரம் போகேல்லை. அப்பிடி என்னத்தைத்தான் பாத்தவர், எங்கடை முகத்திலை இல்லாததை? அதை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு இருந்தது."

பின்னால் யாரோ பிங்கோ என்றார்கள். சின்னக் கைதட்டல் எழுந்து அடங்கியது. அன்று எண் வாசித்தது வேறொருவர்.

"கண்டனீங்களோ அக்கா?" என்று கேட்டேன். ஒழுங்குப்படி கேட்டிருக்க வேண்டிய கேள்வியா என்று தெரியாது. வந்துவிட்டது.

"ஓம். இதிலை ஒண்டுமில்லை. வீடு இல்லை, பிள்ளை இல்லை, வேலை இல்லை, ஊர் இல்லை. ஒண்டும் இல்லாததுதான் இதின்ரை சுகம். அவர் எங்களை வேண்டாமெண்டு நிக்கேல்லை. களைச்சுப்போய் நிண்டிருக்கிறார்." திரையை விரலால் துடைத்தார். "இது விளங்கினது போன மாசம். விளங்கினாப்பிறகும் நான் எழும்பிப் போகேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்படி ஒரு தெளிவான வார்த்தையை என் வேலைக்காலத்தில் வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருக்கிற வழிகளைச் சொல்வது. மெசினில் விளையாடுவதற்கான அட்டையில், ஒருவர் தன்னைத் தானே ஒரு காலத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம். பொறுப்பில் உள்ளவர் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் பொத்தானை அமத்தக்கூடாது. திரையில் வருவதை வாசித்துக் காட்டலாம், ஆனால் எதைத் தெரிவுசெய்வது என்று சொல்லக்கூடாது. நாங்கள் வரவேற்பு மேசைக்குப் போனோம். அக்கா நான் வாசித்துக் காட்டும்வரை காத்திருக்கவில்லை. தானே வாசித்தார், நோர்ஸ்க்கில், விரலை எழுத்துக்குக் கீழே வைத்து. இருப்பதில் நீண்ட காலத்தைத் தெரிவுசெய்து பொத்தானை அமத்தினார். அது உறுதியா என்று திரை மறுபடி கேட்டது. "எத்தினைதரம் கேக்கும்?" என்று சலித்துக்கொண்டு மறுபடி அமத்தினார்.

பிறகு, பிங்கோவுக்கு வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றேன்.

அடுத்த வியாழன் வந்தார். பெரித் ஜன்னலோர மேசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆறுபேர் இருக்கக்கூடிய வட்டமேசையைப் போட்டிருந்தார். வெளிச்சத்துக்காக என்று எங்களிடம் சொன்னார். அந்த மேசைக்கு யார் யார் வந்தார்கள், அக்கா அவர்களுக்கு எப்படி மிளகாய்ப்பொடி போட்ட கடலை கொண்டுவந்து கொடுத்து அழவைத்தார் என்பதெல்லாம் தனிக்கதை. மகனிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். வகுப்பு இல்லை, பிங்கோ என்று. மெசினையும் சொன்னார், நிறுத்தியதையும் சொன்னார். அடுத்தநாள் கஜன், நிறுத்தியதற்கு அத்தாட்சி ஏதும் இருக்கிறதா என்று கேட்டானாம். அக்காவுக்கு அது நன்றாகச் சுட்டது. ஆனால் கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது என்றார் என்னிடம். சில மாதங்கள் வியாழக்கிழமைகளில் பின்னேரம் போன் எடுத்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பான். வட்டமேசையில் இருந்தபடி, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "மேசையில்" என்று பதில் சொல்வார்.

வசந்திக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அக்காவே பூத்தொடுக்கும்போது அவளிடம் முழுவதையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே எப்படி இருந்தீர்கள் என்று கேட்டாள். வேலை என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த கணவாய்ப் பிரட்டல் இருந்தது. அது கோபமா மெச்சுதலா என்று நான் ஆராயவில்லை.

அதற்கடுத்த கோடையில் இங்கர் மகளோடு ஒஸ்லோவுக்கு வந்து எங்கள் ஹோட்டலில்தான் தங்கினார். அக்கா அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்தார், வீட்டுக்கு அல்ல, சாப்பாட்டுக்கூடத்துக்கு. கஜனையும் வரச்சொல்லியிருந்தார். மருமகளுக்கு வேலை, அவன் தனியே வந்தான். அன்று பரிமாற ஆள் குறைவு, அதனால் நான் பழையபடி தட்டு ஏந்திக்கொண்டு நின்றேன்.

டொக்டரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் அம்மாவுக்காகப் பேசிப் பழகியவன் கஜன். சின்ன வயதிலிருந்தே அவன்தான் மொழிபெயர்ப்பாளன். அன்றைக்கும் இங்கர் ஏதோ கேட்டவுடன் அம்மாவுக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அக்காவே நோர்ஸ்க்கில் சொல்லிவிட்டார். அவன் வாய் அப்படியே நின்றது. பிறகு அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தாய் அந்தப் பெண்ணோடு சண்டை பிடிப்பதுபோலப் பேசினார். பாதி வசனத்தில் சிரித்தார். எங்கள் மண்டபத்து நோர்வேக் கிழவர்கள் சொல்லும் சொற்களைச் சொன்னார்.

மீன் முடிந்து இனிப்பு வைக்கும் நேரம் இங்கர், முழங்கால் நோவோடு வடக்கில் இருந்த முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, நீ எப்படி இருந்தாய் என்று கேட்டார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். நோர்ஸ்க்கில், மெதுவாக, சொற்களைத் தேடி எடுத்துச் சொன்னார்:

"என் கணவர் மெசினுக்கு முன்னால் நின்ற கதை உனக்குத் தெரியும். நீ போன பிறகு நானும் போய் இருந்தேன். அவருடைய களைப்பைக் கண்டேன். இப்போது எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. என் மகனை அனுப்பினதற்காக என்மேல்தான் இருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது."

கஜன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். தமிழில் அவர் அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இங்கர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையில் இருந்த இனிப்புத் தட்டுகளோடு குசினிக் கதவடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் பிறகு போனேன்.

சாப்பாடு முடிந்ததும் பெண்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். வட்டமேசைக்காரர்கள் இங்கருக்குக் கைதட்டிய சத்தம் கேட்டது. கஜன் காரில் வந்திருந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்து வந்தவன். ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கதவு வரை போனான். பிறகு திரும்பி வந்து, ஜக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வரவேற்பு மேசைக்கு எதிரே இருந்த சோபாவில் இருந்தான்.

என் வேலை முடிந்து நான் புறப்படும்போதும் அங்கேதான் இருந்தான், கால்களை நீட்டிக்கொண்டு. உள்ளே பெரித் எண் வாசித்துக்கொண்டிருந்தார். இடையிடையே அக்காவின் சிரிப்பு கேட்டது. கடைசி ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அம்மாவிடம் போய்ச் சொல்லவா என்று கேட்டேன்.

"வேண்டாம் மாமா" என்றான். "அவ ஆறுதலா வரட்டும்."